சும்மா, கம்பெனிக்கு

“சாயங்காலம் கம்பெனி வருகிறது. ஆறு மணிக்குள் கூடத்தை ஒழுங்குபண்ணிவிடு” என்று அந்த ஆங்கிலேய அம்மாள் சொன்னதுதான் தாமதம், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் பறந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த பேன்ட், இரவல் ஷூ. ஐந்தரைக்கெல்லாம் திரும்பிவந்து, அதுவரை டைப் அடித்த கடிதங்களின் கார்பன் நகல்கள், தபால்தலைக் கணக்கு, வவுச்சர் கட்டு எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கி, பறக்காமல் இருக்கப் பேப்பர் வெயிட்டும் வைத்தேன்.

அது 1984, புதுச்சேரி. பி.காம். முடித்திருந்தேன், வேலை இல்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்கார வீடு ஒன்றின் மாடியில் அந்த அம்மாள் குடியிருந்தார். தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். வாரம் மூன்று நாள் நான் போய் டைப் அடித்துக் கொடுப்பேன். எங்கிருந்தோ ஒரு கம்பெனி வந்து அதை அச்சுப்போடப் போகிறது, கணக்கு வழக்கைக் கேட்கப் போகிறது, அப்படியே எனக்கும் ஒரு நாற்காலி போட்டுத் தரப்போகிறது என்றெல்லாம் வழிநெடுக நானே கட்டிக்கொண்ட கோட்டை.

ஆறு மணிக்கு வந்தவர்கள் இரண்டு பாட்டிகள். ஒருவர் கையில் கேக்.

பி.காம். படித்தவனை இதில் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்குக் கம்பெனி என்றால் 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம்தான். அது சட்டம் பெற்ற பிள்ளை. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, பங்குதாரர்கள் எல்லாரும் செத்தாலும் அது சாகாது. வகுப்பில் கேட்டபோதே எங்கள் தெருக்கோடி முனீஸ்வரன்தான் ஞாபகம் வந்தார். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பேர், பப்ளிக் கம்பெனிக்கு ஏழு பேர் வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், அன்று கேக்கோடு வந்த இரண்டு பாட்டிகளும் சட்டப்படி ஒரு பிரைவேட் கம்பெனிதான்.

கூத்து அதோடு முடியவில்லை. பாட்டிகள் போன பிறகு அந்த அம்மாள், இருட்டும் வரை ‘கீப் மீ கம்பெனி’ என்றார். ‘கீப்’ என்றால் வைத்துக்கொள் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, “அம்மா, கம்பெனியை என்னையே வெச்சி நடத்தச் சொல்லிட்டாங்கம்மா” என்றேன். மறுநாள் காலை அம்மா மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிட்டார்.

விநாயகரிடம் தேங்காயைத் திருப்பிக் கேட்க முடியாது. வீட்டில் இருந்த லிஃப்கோ அகராதியைத்தான் எடுத்துப் பார்த்தேன். கூட்டம், துணை, தோழமை, விருந்தினர், வியாபாரக் குழு, படைப் பிரிவு. எல்லாம் போட்டிருந்தது. மூன்று வருஷக் கல்லூரிப் படிப்பில் இதில் ஒன்றே ஒன்றைத்தான் எனக்குக் காட்டியிருந்தார்கள். இத்தனைக்கும் லிஃப்கோ என்ற பெயரே ‘லிட்டில் ஃப்ளவர் கம்பெனி’யின் சுருக்கம். கம்பெனிக்குப் பொருள் சொன்னதும் ஒரு கம்பெனிதான்.

ஆனால் புதுச்சேரிக்காரனுக்கு இந்தச் சொல் அந்நியமாக இருந்திருக்கக் கூடாது. இது ஒரு கம்பெனி வைத்த ஊர். பதினான்காம் லூயி காலத்தில், 1664இல் பிரான்சில் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளாகத்தான் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே வந்து இறங்கினார். ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியதும் ஒரு கம்பெனியின் படைதான். 1761இல் ஆங்கிலக் கம்பெனியின் வெற்றி அது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், கால் நூற்றாண்டாகத் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். தன் ஊர் இடிபடுவதை எழுதும் கொடுமை அவருக்கு வாய்க்கவில்லை. ரங்கப் பிள்ளை வீதியில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. அவர் வேலை பார்த்த கம்பெனியின் ஏகபோகம் 1769இல் போயிற்று. இடித்த கம்பெனியை 1874இல் கலைத்தார்கள். சாகாத பிள்ளை என்று சட்டப் புத்தகம் சொன்னதை நான் நம்பாமல் போனதற்கு இவையிரண்டும் காரணம்.

அந்தக் காலத்துத் தமிழர்கள் ‘கம்பெனி’ என்று சொல்லவில்லை, ‘கும்பினி’ என்றார்கள். பயம் கலந்த மரியாதையோடு ‘கும்பினியார்’ என்றும் சொன்னார்கள். கட்டபொம்மன் கதைப்பாடல்களில் வருவதும் கும்பினிதான். ‘கம்பெனி’யைவிடப் பிரெஞ்சுக்காரர்களின் ‘கொம்பாஞி’தான் இந்தக் ‘கும்பினி’க்குப் பக்கத்து வீடு என்று எனக்கு ஓர் எண்ணம். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வந்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இலவசத்துக்கு நாம் சொல்லும் ‘ஓசி’கூட ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று முத்திரை குத்திய கடிதங்களுக்குத் தபால் கூலி வாங்காததால் வந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ஊரை விழுங்கிய கம்பெனி ஓசிக்குப் பெயர் கொடுத்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

‘கொம்பாஞி’ என்று அசல் உச்சரிப்பில் நான் முதலில் கேட்டது எதிர்வீட்டுச் சொல்தா தாத்தாவிடம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். தாத்தா இந்தோசீனாவில் சண்டை போட்டவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக்கொடுத்துவிட்டார். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பார். மற்ற நாளெல்லாம் கைலி, பனியன்தான்.

அவருக்குக் கொம்பாஞி என்றால் ஒரே அர்த்தம். ஒரு கேப்டனுக்குக் கீழே நூற்றுச் சொச்சம் பேர்.

“எங்க கொம்பாஞியில ரொட்டி வெட்ற கத்தி என் கைலதான்டா தம்பி இருக்கும். ஒருத்தனுக்கு ஒரு விரக்கடை கூடப் போனாலும் அன்னிக்கு ராத்திரி சண்டைதான். வியட்நாம்காரன் வரவே தேவையில்ல.”

காலையில் அவர் வீட்டு வாசலைத் தாண்டினால் நீட்டு ரொட்டியின் வாசனை வரும். அதைக் காப்பியில் தோய்த்துத் தின்பார். கூடவே ஒரு நண்பர் வந்து உட்காருவார், அவரும் சொல்தா. அந்த நண்பரைத் தாத்தா ‘என் கொப்பேன்’ என்பார். நான் ரொம்ப நாள் அதை அந்த ஆளுடைய பெயர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் “கொப்பேன் தாத்தா” என்று கூப்பிட்டுவிட்டேன். இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் காப்பி கொட்டிப்போயிற்று.

எங்கள் அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டினார். 1898இல் தொடங்கிய ஆலை அது. ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற முழுப்பெயரை அப்பா தலைமுறையில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது ‘மில்லு’. சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கும். “மில்லுல இருக்கேன்” என்று சொல்வதில் ஒரு நிமிர்வு இருந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 தொழிலாளிகள் செத்துத்தான் இந்த ஊரில் எட்டு மணி நேர வேலை வந்தது. அந்தக் கதையைச் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள்.

என் தலைமுறைக்கு மில் கிடைக்கவில்லை, கம்பெனி கிடைத்தது. வரிச்சலுகைக்காக வெளியூர் முதலாளிகள் வந்து தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் தகரக் கூரை போட்ட காலம். அதில் ஒன்றில் நான் கிளார்க். “பையன் எங்க வேலை?” என்று கேட்டால் “கம்பெனியில” என்று அம்மா சொல்வார். மில்லுக்கு இருந்த நிமிர்வு அதில் இல்லை. ‘கவர்ன்மென்ட் இல்லை’ என்பதைத்தான் இந்த ஊரில் ‘கம்பெனி’ என்று சொல்கிறார்கள் என்பது எனக்குப் பெண் பார்த்தபோது விளங்கியது. இங்கே மாப்பிள்ளைச் சந்தையில் முதல் வரிசை பிரெஞ்சு பாஸ்போர்ட், அடுத்தது கவர்ன்மென்ட், அதற்கப்புறம்தான் மற்றவை. பெண்ணின் தாய்மாமன் என்னிடம் கேட்டார்: “கம்பெனின்னா, கம்பெனி கம்பெனியா, இல்ல சும்மா கம்பெனியா?” இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆனால் கேள்வி எனக்குச் சுத்தமாகப் புரிந்தது. முதல் கம்பெனி, பி.எஃப். பிடிப்பது. இரண்டாவது கம்பெனி, கேட்டால் பொங்கலுக்கு ஒரு துண்டு கொடுப்பது.

இதே சொல் மெக்கானிக் கடைக்குப் போனால் குணம் மாறிவிடும். “கம்பெனி சாமான் போடட்டுமா, லோக்கல் போடட்டுமா?” என்கிறார் மெக்கானிக். அங்கே கம்பெனி என்றால் அசல், நம்பகம். விலையைக் கேட்டதும், “நம்ம கம்பெனிக்குக் கட்டாதுப்பா” என்கிறோம். அந்த இடத்தில் கம்பெனி என்பது என் சட்டைப்பை. எங்கள் பாட்டி ஒருவரை ‘கம்பெனிக்காரன்’ என்றால் அது நாடகக்காரன் என்ற வசவு. மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தொடங்கிய குழுவுக்குத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று அழகான பெயர். இருந்தும் ஜனங்களுக்கு நாடகம் என்றால் கம்பெனிதான்; பாய்ஸ் கம்பெனி, ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. வசைபாடிய பாட்டி பவளக்கொடி நாடகம் என்றால் விடிய விடியப் பாயைவிட்டு எழமாட்டார்.

அப்பாவுக்கு வருவோம். தொண்ணூறுகளில் அவர் மில்லைவிட்டு வந்தார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து வந்தது. அப்போது தெருவுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, வாசலில் சல்யூட் அடிக்க ஒரு ஆள். மில் கேட்டில் நாற்பது வருஷமாகத் தன் பையைச் சோதனை போட்டவர்களைப் பார்த்தே பழகிய அப்பாவுக்கு அந்த சல்யூட் ஒன்று போதுமாக இருந்தது. பாதிக்கு மேல் கொண்டுபோய்ப் போட்டார். நான் பி.காம்., தடுத்திருக்க வேண்டும். பலகையில் ‘லிமிட்டெட்’ என்று இருந்ததைப் பார்த்து, பதிவான கம்பெனிதானே என்று நானும் தலையாட்டினேன். அந்த ‘லிமிட்டெட்’ என்பது நமக்குத் தரும் உறுதி இல்லை, அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட எல்லை என்பதைப் பரீட்சையில் எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான்.

முதல் வருஷம் வட்டி ஒழுங்காக வந்தது. “எப்படிப்பா போகுது?” என்றால், “கம்பெனி நல்லா ஓடுதுடா” என்பார். இரண்டாவது வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை போனவர் உடனே திரும்பிவந்தார். கண்ணாடிக் கதவு இருந்தது, பலகை இருந்தது, உள்ளே ஆள் இல்லை. தெருவில் எல்லாரும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள்: “கம்பெனி ஓடிப்போச்சு.” அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முந்தாநாள் வரைக்கும் ஓடுதுன்னாங்க, இப்ப ஓடிப்போச்சுன்றாங்க. நான்தான் சரியா காதுல வாங்கல” என்றார். போன பணம் போனதுதான். அதற்கப்புறம் அவர் வங்கியைத் தவிர வேறு படியேறவில்லை.

பல வருஷம் கழித்து, ஆங்கில அகராதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’, வினைச்சொல்லாக மட்டும் 430. பிறகு அதைத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ முந்திவிட்டதாம், 645. ஆங்கிலத்தில் கம்பெனியை நடத்துவதும் ‘ரன்’, அதைவிட்டு ஓடுவதும் ‘ரன்’. தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்பாவின் திண்ணை வாக்கியத்தில் எங்கள் ‘ஓடு’வும் அதே வேலையைத்தான் செய்தது.

ரொட்டிக்கும் கம்பெனிக்கும் இருக்கும் உறவை நான் கண்டுபிடித்தது 1990களின் கடைசியில். பிரெஞ்சு கற்றுக்கொண்டால் சம்பளம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். சம்பளம் கூடவில்லை. ஆனால் 1889இல் தொடங்கிய, சுஃப்ரேன் வீதியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் உட்கார்ந்து தடிமனான அகராதி ஒன்றைப் புரட்டும் பழக்கம் வந்தது. அதில் ‘கொம்பாஞி’க்கு மூலம் போட்டிருந்தது. பிற்கால லத்தீனில் ‘கொம்பானியோ’. ‘கொம்’ என்றால் கூட, ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தின்பவன் கொம்பானியோ. யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘பாண்’ போர்த்துகீசியர் வழியாக வந்த அதே ரொட்டி. பல பக்கங்கள் தள்ளி இன்னொன்று இருந்தது: தாத்தாவின் ‘கொப்பேன்’. அதுவும் இதே வேரில் கிளைத்தது. நண்பன் என்று அர்த்தம்.

அன்று சைக்கிளை மிதித்த வேகம் 1984இல் ஷூ இரவல் வாங்க மிதித்த வேகம். தாத்தாவுக்கு அப்போது எண்பதை நெருங்கிவிட்டது. கொப்பேன் தாத்தா முந்தின வருஷம் போய்விட்டிருந்தார். இவர் தனியாகக் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். லத்தீன், ரொட்டி, கொம்பாஞி, கொப்பேன். அவர் அசரவில்லை.

“இத ஒரு புஸ்தகத்துல வேற போட்டிருக்கானா? ரொட்டி வெட்டித் தராம கொம்பாஞி எப்படிடா நடக்கும்?” என்று சொல்லிவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார். “துன்னு.”

பாடப் புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு இப்போது ‘நிறுமம்’ என்று போடுகிறார்கள். பத்திரிகைகள் ‘நிறுவனம்’ என்கின்றன. குற்றம் சொல்லவில்லை, சட்டத்துக்குத் துல்லியமான சொல் வேண்டும். 1906இல் வ.உ.சி. கப்பல் விட்டபோது அவருடைய கம்பெனிக்குச் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்றும் பெயர் இருந்தது. என்னைக் கேட்டால் ‘சங்கம்’ என்பதுதான் மூலத்துக்குக் கிட்டே வருகிறது. அதில் ரொட்டி இல்லாவிட்டாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். நிறுமத்தில் யாரும் இல்லை, முத்திரை மட்டும் இருக்கிறது.

ரோடியர் மில்லை 1986இல் அரசு எடுத்துக்கொண்டது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்து கூரையைப் பிய்த்தது. 2020இல் மூடிவிட்டார்கள். நான் வேலை பார்த்த கம்பெனி, வரிச்சலுகை முடிந்ததும் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அதை ‘ஓடிப்போச்சு’ என்று சொல்லமாட்டேன். எங்கள் கணக்கை முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒழுங்காக நடந்தே போனது. அப்பா இல்லை, சொல்தா தாத்தா இல்லை. அந்த ஆங்கிலேய அம்மாள் கதையை முடிக்காமலே ஊருக்குப் போய்விட்டார். கார்பன் நகல்கள் என் பரணில் இருக்கின்றன.

பள்ளிக்கூட நண்பன் ஒருவன் மிச்சம் இருக்கிறான், முத்தியால்பேட்டையில். வேலையில் இருந்த காலம் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து போன் வரும். “வரியா? நீ ஒண்ணும் குடிக்க வேணாம்டா. சும்மா, கம்பெனிக்கு.” புதுச்சேரியில் இந்தக் ‘கம்பெனிக்கு’ என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவன் இருக்க முடியாது. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைச் சரக்குக்காகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். இங்கே குடிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் எதிரில் குடிக்காமல் சுண்டல் தின்றுகொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பதை அவர்கள் கவனித்ததில்லை. அந்த எதிர் நாற்காலியில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். அவன் மகள் கல்யாணம் பேசியது அங்கேதான். அப்பாவின் பணம் போன செய்தியை நான் முதலில் சொன்னதும் அங்கேதான். வேர்ச்சொல் தெரியாமலே அவன் கடைசி வடையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளுவான்.

போன வருஷம் டாக்டர் அவனை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டான். இனிமேல் போன் வராது என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமையே வந்தது.

“வரியா?”

“எதுக்குடா? நீதான் குடிக்கிறதில்லையே.”

“சும்மா, கம்பெனிக்கு.”

இப்போது பார் இல்லை, கடற்கரைச் சாலை ஓரத்துக் கட்டைச்சுவர். இருவருக்கும் உப்புப் போட்ட லைம் சோடா. இந்த வாரம் காசு கொடுப்பது என் முறை.